ஓ'நீல் நாடகங்களில் ஒரே ஆளுக்குள் இரண்டு பேர்: முகமூடி வேண்டுமா, வேண்டாமா?

பாலாற்றங்கரை:

எல்லோருக்கும் வணக்கம். வேலூரில் நாங்கள் சிலர் ஞாயிற்றுக்கிழமை மாலைகளில் கூடி நாடகங்களை வாய்விட்டுப் படிக்கிறோம். குழு, இயக்கம் என்றெல்லாம் சொல்லிக்கொள்ள முடியாது. சத்துவாச்சாரியில் ஒருவர் வீட்டு மொட்டை மாடி, கொஞ்சம் பிளாஸ்டிக் நாற்காலி, ஒரு பாய், வெயில் தணிந்த பிறகுதான் ஆரம்பம் (வேலூர் வெயில் எப்போது தணியும் என்று உங்களுக்கே தெரியும்). பொங்கலுக்கு முன்னால் தெரிந்தவர்களை அழைத்து, அமெரிக்க நாடகாசிரியர் யூஜின் ஓ'நீல் நாடகங்களிலிருந்து இரண்டு மூன்று காட்சிகளைத் தமிழில் நடித்துக் காட்டலாம் என்று முடிவாகியிருக்கிறது. சண்டையும் அங்கேதான் தொடங்கியது.

ஓ'நீலின் எந்த நாடகத்தை எடுத்தாலும் ஒரு மனிதன் தன்னோடு தானே ஒத்துப்போகாமல் நிற்கிறான். அதை மேடையில் காட்ட அவர் ஒவ்வொரு முறையும் ஒரு வழியைப் பிடிக்கிறார். 1926-ல் 'தி கிரேட் காட் பிரவுன்' நாடகத்தில் முகமூடி. 1928-ல் 'ஸ்ட்ரேஞ்ச் இன்டர்லூட்'டில் மனத்துக்குள் ஓடுவதையெல்லாம் பாத்திரம் சத்தமாகச் சொல்லிவிடும், பக்கத்தில் இருப்பவருக்குக் கேட்காது. 1934-ல் 'டேஸ் வித்தவுட் எண்ட்' வந்தபோது ஒரே ஆளை இரண்டு நடிகர்கள் நடித்தார்கள், ஜான் என்று ஒருவர், லவிங் என்று ஒருவர். அப்புறம் எழுதிய 'லாங் டேஸ் ஜர்னி இன்டு நைட்'டில் இந்த வித்தை எதுவுமே இல்லை. ஒரு வீடு, ஒரு குடும்பம், ஒரு நாள், அவ்வளவுதான். ஆனால் படிக்கும்போது எனக்கு அதிகம் வலித்தது அதுதான்.

அதனால் என் கட்சி, அவர் முகமூடியைத் தாண்டி வளர்ந்துவிட்டார், நாமும் முகமூடி இல்லாமலே செய்வோம் என்பது. எங்களில் இன்னொருவர், அதெல்லாம் வளர்ச்சி இல்லை, முகமூடி நாடகம் ஓடவில்லை, அதனால் விட்டுவிட்டார் என்கிறார். யார் சொல்வது சரி? இன்னொரு பயமும் இருக்கிறது. நம் ஊர்க்காரர்களுக்கு முன்னால் ஒரு ஆளுக்குள் இரண்டு பேரைக் காட்டினால், ஒன்று பேய் பிடித்தது என்பார்கள், இல்லையென்றால் சாமி வந்தது என்பார்கள், அதுவும் இல்லையென்றால் சினிமா இரட்டை வேடம் என்பார்கள். அந்த இடத்தில் என்ன செய்வது?

குடியாத்தம் வாத்தியார்:

நல்ல சண்டையாகத்தான் பிடித்திருக்கிறீர்கள் அம்மா. பல வருடம் வகுப்பில் இந்த ஆளை நடத்தியவன் என்ற முறையில் சொல்கிறேன், நீங்கள் இருவர் சொல்வதுமே அவசரத் தீர்ப்பு.

முதலில் உங்கள் நண்பருக்கு. 'தி கிரேட் காட் பிரவுன்' ஓடாத நாடகம் இல்லை. 1926 ஜனவரியில் நியூயார்க் கிரீனிச் வில்லேஜில் தொடங்கி மாதக்கணக்கில் ஓடியது. அடி வாங்கியது 'டேஸ் வித்தவுட் எண்ட்'தான், 57 காட்சியோடு முடிந்தது. அடுத்தது உங்களுக்கு. அவர் முகமூடியை மெல்ல மெல்ல உதறிவிட்டு வந்தார் என்று ஒரு கோடு போடுகிறீர்கள், அப்படி நேராக நடக்கவில்லை. 1932-ல்கூட முகமூடிக்காக வாதாடித் தனியாகக் குறிப்புகள் எழுதியிருக்கிறார். புதிய மனோதத்துவம் மனிதனைப் பற்றிச் சொல்வதை மேடையில் காட்ட இதைவிட நல்ல சாதனம் இல்லை என்பது அப்போது அவர் கருத்து. வெளியே வாழும் வாழ்க்கையில் அடுத்தவர் முகமூடிகள் நம்மைச் சூழ்ந்திருக்கின்றன, உள்ளே வாழும் வாழ்க்கையில் நம்முடைய முகமூடிகளே நம்மைத் துரத்துகின்றன, இரண்டிலும் மனிதன் தனிதான் என்ற பொருளில் அதில் ஒரு வாக்கியம் வரும். தாண்டிப் போய்விட்ட ஒன்றைப் பற்றி யாரும் இப்படி எழுதமாட்டார்கள்.

இப்போது விஷயத்துக்கு வருகிறேன். 'பிரவுன்' நாடகத்தில் முகமூடி என்ன வேலை செய்கிறது என்று கவனித்தீர்களா? டயன் ஆண்டனி ஓவியனாக வேண்டியவன். அவன் சொந்த முகம் சாதுவானது, எளிதில் காயப்படுகிற முகம். மேலே போட்டிருப்பது கேலியும் துடுக்கும் நிறைந்த முகமூடி. பள்ளிப் படிப்பு முடிகிற இரவில் மார்கரெட் முன்னால் அதைக் கழற்றுகிறான். காதலிப்பவள் ஆயிற்றே, நம்மைப் பார்க்கட்டும் என்ற நினைப்பில். அவளோ யாரோ அந்நியன் வந்துவிட்டான் என்று மிரண்டுபோகிறாள். மறுபடி மாட்டிக்கொண்டதும் அணைத்துக்கொள்கிறாள். அப்புறம் ஆயுள் முழுக்க அவன் என்ன செய்வான்? வீட்டிலேயே முகமூடியோடு இருக்கிறான், வருடம் போகப்போக அந்தக் கேலிமுகம் சைத்தான் முகமாகவே மாறிக்கொண்டு போகிறது. சிபெல் என்கிற ஒரு வேசியின் வீட்டில்தான் கழற்றி வைக்க முடிகிறது, அவளும் அவனிடம் மட்டும் தன்னுடையதைக் கழற்றுகிறாள். ஆக, மனம் தானாகவே உடையவில்லை, அடுத்தவர் அன்புக்குத் தேவைப்பட்ட இடத்தில் உடைகிறது. மார்கரெட் கெட்டவளே இல்லை என்பதுதான் இதில் கொடுமை.

டயன் செத்த பிறகு கதை இன்னும் முறுகுகிறது. நண்பன் பில்லி பிரவுன், வெற்றிகரமான கட்டடக்கலைஞர், அதுவரை முகமூடியே இல்லாமல் இருந்தவன், டயனின் முகமூடியை எடுத்து மாட்டிக்கொண்டு மார்கரெட்டிடம் போகிறான். அவளுக்கோ புருஷன் பழையபடி இளமையாகத் திரும்பிவிட்டான் என்று ஒரே சந்தோஷம்! இவனுக்கு அலுவலகத்தில் ஒரு முகம், வீட்டில் ஒரு முகம், மாற்றி மாற்றி ஓடி மூச்சு முட்டுகிறது. கடைசியில் பிரவுன் செத்துவிட்டான் என்று அவனே சொல்ல, அலுவலகத்து ஆட்கள் அந்த வெறும் முகமூடியை, காலும் தோளும் பிடித்துப் பிணம் தூக்குவது போலத் தூக்கிக்கொண்டு போவார்கள். பிரவுனைக் கொன்றது டயன்தான் என்று போலீஸ் தேடி வந்து சுடுகிறது. சுடப்படுவது பிரவுன். இதை முகமூடி இல்லாமல் எப்படி எழுதுவீர்கள், சொல்லுங்கள்.

'டேஸ் வித்தவுட் எண்ட்' தோற்றதற்குக் காரணம் வேறு. அங்கே லவிங், ஜானின் சாயலிலேயே ஏளனச் சிரிப்போடு இருக்கும் ஒரு முகமூடி போட்டு நிற்கிறான், ஜானின் செத்த முகம் போல. மற்றவர்கள் கண்ணுக்குத் தெரியமாட்டான், அவன் பேசினால் ஜான் பேசியதாகவே காதில் விழும். யோசனை அபாரம். ஆனால் ஜான் இழந்த விசுவாசத்துக்காக ஏங்குகிறவன், லவிங் நாத்திகன், ஜானுக்கு மனைவி பிழைக்க வேண்டும், லவிங்குக்கு அவள் சாக வேண்டும். யார் ஜெயிக்க வேண்டும் என்று ஆசிரியர் முதல் காட்சியிலேயே முடிவு பண்ணி வைத்துவிட்டார். கடைசியில் தேவாலயத்தில் சிலுவைக்கு முன்னால் லவிங் விழுந்து செத்துப்போகிறான், மிச்சம் இருப்பவன் முழு மனிதனாகிவிடுகிறானாம். பிளவுபட்ட மனதில் ஒரு பாதியைக் கொன்றால் மறுபாதிக்குக் குணமாகிவிடும் என்பதை நான் அன்றும் நம்பவில்லை, இன்றும் நம்பவில்லை. தேர்வுக்கு மட்டும் நடத்திவிட்டு நகர்ந்துவிடுவேன்.

கோட்டை அகழி:

குறுக்கே வருகிறேன், கோபிக்க வேண்டாம். இதெல்லாம் 1920-களில் அமெரிக்காவில் மனோதத்துவ மருத்துவர் ஃப்ராய்டு ஒரு ஃபேஷனாக இருந்த காலத்துச் சரக்கு இல்லையா? நினைப்பதையெல்லாம் வாய்விட்டுச் சொல்கிற ஒன்பது அங்க நாடகம், சாயந்தரம் அஞ்சேகாலுக்குத் தொடங்கி, நடுவில் சாப்பிடப் போய்விட்டு வந்து, ராத்திரி பதினொன்று வரை பார்க்க வேண்டுமாம். அவ்வளவு நேரம் ஒருவர் மனத்துக்குள் உட்கார்ந்திருக்க யாரால் முடியும்?

பக்கத்து மாநிலத்திலேயே கன்னட நாடகாசிரியர் கிரீஷ் கார்னாட்டின் நாடகங்கள் இருக்கின்றனவே. 'ஹயவதனா'வில் இரண்டு நண்பர்களின் தலை மாறிப்போகிறது, யார் புருஷன் என்று பத்மினி முழிக்கிறாள். நம் ஜனங்களுக்கு வேதாளக் கதை தெரியும், உடனே பிடித்துக்கொள்வார்கள். இன்னொன்றில் ஒரு எழுத்தாளர் அம்மா டிவியில் தெரியும் தன் பிம்பத்தோடு மாட்டிக்கொண்டு விழிக்கிறாள், ஒரே நடிகை, ஒரு திரை, செலவும் கம்மி. தமிழிலேயே வேண்டும் என்றால் இந்திரா பார்த்தசாரதியின் 'மழை' இருக்கிறது. எதற்கு இவ்வளவு தூரம் போய் ஓ'நீல்?

பாகாயம் பஸ்:

நான் மனநல வார்டில் வேலை பார்க்கிறவள், இலக்கியம் படித்தவள் இல்லை. வேலைக்குப் போகும் பஸ்ஸில் படிப்பதுதான் என் படிப்பு. இரண்டு விஷயம் மட்டும் சொல்லிவிட்டுப் போகிறேன், நீளமாகிவிட்டால் பொறுத்துக்கொள்ளுங்கள்.

அகழி தம்பி, ஃப்ராய்டை வைத்து நாடகம் செய்கிறார் என்று ஓ'நீலை அந்தக் காலத்திலேயே நிறையப் பேர் சொன்னார்கள், அவர் ஒத்துக்கொள்ளவில்லை. ஃப்ராய்டு பிறப்பதற்கு முன்னாலேயே நாடகக்காரர்களுக்கு மனம் தெரியும் என்கிற தோரணையில்தான் பதில் சொன்னார். தான் படித்த மனோதத்துவ ஆசிரியர்களில் யுங்தான் தனக்குச் சுவாரசியமாக இருந்தார் என்றும் சொல்லியிருக்கிறார். அவர் வீட்டுக் கதை தெரிந்தால் புத்தகம் எதற்கு என்று உங்களுக்கே தோன்றும். பிரசவத்துக்குப் பிறகு வலிக்காகக் கொடுத்த மார்ஃபினுக்கு அம்மா அடிமையாகிவிட்டார். அந்தப் பிரசவத்தில் பிறந்தவர் இவர். அதாவது தான் பிறந்ததுதான் அம்மாவின் நோய்க்குக் காரணம் என்று வளர்ந்த பிள்ளை. அப்பா பெரிய நடிகர், ஒரே நாடகத்தை ஆயிரக்கணக்கான முறை நடித்துப் பணம் சேர்த்து, அதிலேயே மாட்டிக்கொண்டு, நல்ல நடிகனாகியிருக்கலாமே என்று கடைசி வரை ஏங்கியவர். அண்ணன் குடித்தே 1923-ல் செத்தார். இவருக்கு 1912-ல் காசநோய். கனெக்டிகட்டில் ஒரு சானடோரியத்தில் ஆறு மாதம் படுத்திருந்தார், நாடகம் எழுதுவது என்று தீர்மானித்தது அங்கேதான். (நம் பக்கத்தில் மதனப்பள்ளி ஆரோக்கியவரத்தில் இருந்துவிட்டு வந்த பெரியவர்கள் பேசிக் கேட்டவர்களுக்குத் தெரியும், சானடோரியம் வராந்தாவில் செய்வதற்கு வேறு வேலை இல்லை, தன்னையே பார்த்துக்கொண்டு படுத்திருக்க வேண்டியதுதான்.)

இரண்டாவது, நீங்கள் பயப்படுகிற பேய், சாமி, இரட்டை வேடம். பிளவுபட்ட மனம் என்றதும் ஸ்கிசோஃப்ரினியா (மனச்சிதைவு நோய்) என்பார்கள், அல்லது ஒரு உடம்பில் இரண்டு ஆள் மாறி மாறி வருவது என்பார்கள். இரண்டும் இல்லை. ஸ்கிசோஃப்ரினியா என்றால் இரண்டு ஆள் என்று அர்த்தமே கிடையாது, சினிமா கெடுத்து வைத்திருக்கிறது. நோயாளியின் குடும்பத்துக்கு இதை விளக்கியே எங்களுக்கு நேரம் போகும். ஓ'நீல் காட்டுவது நோய் என்று பெயர் வைப்பதற்கு முன்னால் இருக்கிற நிலை, உங்களுக்கும் எனக்கும் இருப்பது. ஆர். டி. லேங் என்ற ஸ்காட்லாந்து மனநல மருத்துவர் 1960-ல் 'தி டிவைடட் செல்ஃப்' என்று ஒரு புத்தகம் எழுதினார். வீட்டில் எல்லோருக்கும் பிடித்த மாதிரி ஒரு பொய்யான 'நான்' நடமாடும், உண்மையான 'நான்' உள்ளே பத்திரமாக ஒளிந்துகொள்ளும், ஒளிந்தே இருப்பதால் நாளாக நாளாக உள்ளே இருப்பது காய்ந்துபோகும் என்பார். வாத்தியார் ஐயா சொன்ன டயன் கதையும் அதேதான், முப்பது வருடம் முன்னாலேயே எழுதியது. லேங்கின் மற்றக் கருத்துகள் பலவற்றை இன்று யாரும் அப்படியே ஏற்பதில்லை, நானும் ஏற்கவில்லை, ஆனால் இந்த இடம் கண்ணால் பார்த்தது.

'லாங் டேஸ் ஜர்னி'யில் எனக்குத் தாங்கவே முடியாத இடம் அம்மா மேரி இல்லை, அண்ணன் ஜேமி. நாலாம் அங்கத்தில் நல்ல போதையில் வந்து, காசநோயோடு இருக்கும் தம்பி எட்மண்டிடம் சொல்கிறான், உன்னை வெறுப்பதைவிட அதிகமாக நேசிக்கிறேன், ஆனால் எனக்குள் செத்துப்போன ஒரு பகுதி இருக்கிறது, நீ ஆஸ்பத்திரியிலிருந்து குணமாகி வரக் கூடாது என்று அது ஆசைப்படுகிறது, அதனால் என்னிடம் ஜாக்கிரதையாக இரு என்று. இரண்டும் உண்மை. ஒன்று பொய் என்று அவனும் சொல்லவில்லை, ஆசிரியரும் சொல்லவில்லை. நோயாளியைப் பார்த்துக்கொள்ளும் அண்ணன் தம்பிகளிடம், மனைவிமார்களிடம் இதே மாதிரிப் பேச்சைக் கேட்டிருக்கிறேன், இவ்வளவு தெளிவாகச் சொல்லமாட்டார்கள், "எப்போது முடியுமோ தெரியவில்லை சிஸ்டர்" என்பதோடு நிறுத்திக்கொள்வார்கள். அந்த ஒரு காட்சியை மட்டும் நடித்தாலே போதும். பேய் என்று யாரும் நினைக்கமாட்டார்கள்.

குடியாத்தம் வாத்தியார்:

பாகாயம் அம்மா சொன்னதோடு ஒன்று சேர்த்துக்கொள்ளுங்கள். ஓ'நீலுக்கு மூத்தவராக இன்னொரு அண்ணன் இருந்தான், எட்மண்ட் என்று பெயர், குழந்தையிலேயே தட்டம்மை கண்டு இறந்துவிட்டான். நாடகத்தில் நாலு பேருடைய உண்மைக் கதையையும் எழுதியவர், அந்த இரண்டு பெயர்களை ஒன்றுக்கொன்று மாற்றிப் போட்டார். செத்த குழந்தைக்கு யூஜின் என்று தன் பெயர், தானாக வருகிற பிள்ளைக்கு எட்மண்ட் என்று செத்தவன் பெயர். முகமூடி இல்லாத நாடகம் என்கிறீர்கள், இது என்னவாம்? 1941-ல் எழுதி முடித்து, மனைவி கார்லோட்டாவிடம் திருமண நாள் பரிசாகக் கையெழுத்துப் பிரதியைக் கொடுத்தார். தான் இறந்து 25 வருடம் வெளியிடக் கூடாது என்றும் ஏற்பாடு செய்திருந்தார். 1953-ல் அவர் இறந்தார், கார்லோட்டா அவ்வளவு காலம் காத்திருக்கவில்லை, 1956 பிப்ரவரியில் ஸ்டாக்ஹோமில் மேடையேறிவிட்டது. நல்லவேளை.

முகவீணை:

செய்யாறு பக்கம். கூத்துக்கு வாசிக்கிறவன், ஆடுகிறவன் இல்லை. ஓ'நீல் எனக்கு இங்கே இந்தப் பேச்சில்தான் பழக்கம், போன வருடம் ஒருவர் கொடுத்து 'எம்பரர் ஜோன்ஸ்' மட்டும் படித்திருக்கிறேன். அதனால் எனக்குத் தெரிந்த பக்கத்திலிருந்து சொல்கிறேன்.

ஜனங்களுக்குப் புரியாது என்ற பயத்தை முதலில் விடுங்கள் தங்கச்சி. ஊரில் கர்ண மோட்சம் கூத்து வைத்தால் விடிய விடிய உட்கார்ந்து பார்க்கிற ஜனம் இது. அதில் கர்ணன் யார்? குந்தி மகனா, தேரோட்டி வளர்த்த பிள்ளையா, துரியோதனன் உப்பைத் தின்றவனா? போருக்குப் போகும்போது மனைவி பொன்னுருவியிடம் விடைபெற வருகிறான், அவளோ இத்தனை நாள் குலம் தெரியாதவன் என்று அவனைத் தொடவிடாமல் வைத்திருந்தவள். நான் இன்னார் மகன் என்று அவன் சொல்கிற இடத்தில் அவளுக்கு எல்லாம் மாறிவிடுகிறது, ஆனால் அவனுக்கு? சொல்லி முடித்ததும் தன் தம்பிகளைக் கொல்லத்தான் கிளம்ப வேண்டும். எங்கள் ஆட்டக்காரர்கள் அந்த இடத்தில் ஒரு பாட்டை இழுத்து இழுத்துப் பாடுவார்கள், பெண்கள் பக்கம் சேலைத் தலைப்பை எடுக்காத ஆள் இருக்காது. மனம் பிளவுபட்டிருக்கிறது என்று எவரும் விளக்கவில்லை, எல்லோருக்கும் தெரிந்துதான் இருக்கிறது.

வேடக்காரனுக்கே நடக்கிற பிளவும் உண்டு. துகில் உரிகிற இரவில் துச்சாதனன் வேடம் கட்டியவர் சேலையில் கை வைப்பதற்கு முன்னால் கற்பூரம் ஏற்றிக் கும்பிட்டு, தாயே நான் வேடம்தான், என்னைப் பொறுத்துக்கொள் என்று அம்மனிடம் மன்னிப்புக் கேட்பார். அடுத்த நிமிடம் துச்சாதனன் ஆகிவிடுவார், சில பேருக்கு ஆவேசமே வந்துவிடும், நாலு பேர் பிடிக்க வேண்டியிருக்கும். பேய் என்பார்கள், சாமி என்பார்கள் என்று பயப்படுகிறீர்களே, என்றால் என்ன? அப்படிச் சொல்கிறவர்கள் ஒரு ஆளுக்குள் இரண்டு பேர் இருக்க முடியும் என்று முன்கூட்டியே ஒத்துக்கொண்டவர்கள். உங்களுக்குப் பாதி வேலை மிச்சம்.

ஆனால் ஒரு எச்சரிக்கை. கட்டியங்காரனைக் கொண்டுவந்து லவிங் மாதிரி நிறுத்தலாம் என்று யாராவது யோசனை சொல்வார்கள், கேட்காதீர்கள். திரைக்குப் பின்னால் வேடம் வந்து நின்றதும் நீ யார், எந்த நாடு என்று கேட்பான், கிண்டல் பண்ணுவான், ராஜாவையே காலை வாருவான். அவன் உள்ளே இருக்கிற ஆள் இல்லை, ஊர்க்காரன், ஜனங்களோடு சேர்ந்தவன். அவனை மனசாட்சி ஆக்கினால் சிரிப்பும் வராது, மனசாட்சியும் வராது. நகரத்து ஆட்கள் செய்து நான் பார்த்தது அப்படித்தான் முடிந்தது.

முகமூடி பற்றி. எங்களிடம் பெரும்பாலும் அரிதாரம்தான். கட்டை, கிரீடம், புஜக்கீர்த்தி எல்லாம் ஏறிவிட்டால் ஆள் மாறிவிடுவார், முகத்தை மூட வேண்டியதில்லை. முகம் அசைய வேண்டும், அது அசைவதைக் கடைசி வரிசைக்காரன் பார்க்க வேண்டும். மொட்டை மாடியில் முப்பது பேருக்கு நடித்தால் முகமூடி எதற்கு? தூரத்தில் இருப்பவனுக்குத்தான் அது வேண்டும்.

'எம்பரர் ஜோன்ஸ்' பற்றி ஒரு வார்த்தை. அந்த ஜோன்ஸ் காட்டுக்குள் ஓடுகிறான், தூரத்தில் முரசு நிமிடத்துக்கு 72 அடியில் தொடங்குகிறது, மனிதன் நாடி அளவு, அப்புறம் கொஞ்சம் கொஞ்சமாக ஏறிக்கொண்டே போகிறது, நிற்பதே இல்லை. ராஜா வேடம் போட்டவன் சட்டை கிழிந்து, சட்டையோடு ராஜாவும் கிழிந்து, பழைய ஆள் வெளியே வருகிறான். இதை எழுதியவருக்கு மிருதங்கம் தெரிந்திருக்க நியாயமில்லை, ஆனால் வாசிக்கிறவன் கை எப்படி ஆட்டக்காரன் நெஞ்சுக்குள் போகும் என்று தெரிந்திருக்கிறது.

கோட்டை அகழி:

அண்ணா, தேவைப்பட்டால் என் கார்னாடைத் திரும்ப வாங்கிக்கொள்கிறேன். ஜேமி காட்சியை இப்போதுதான் தேடிப் படித்தேன். ராத்திரி இதைப் படித்திருக்கக் கூடாது.

பாலாற்றங்கரை:

இவ்வளவு வரும் என்று நினைக்கவில்லை, எல்லோருக்கும் நன்றி. எங்கள் ஆட்களிடம் முழுவதையும் படித்துக் காட்டினேன், சண்டை தீரவில்லை, வேறு சண்டையாக மாறியிருக்கிறது.

இப்போதைக்கு இப்படி முடிவாகியிருக்கிறது. 'பிரவுன்' நாடகத்திலிருந்து டயன் முகமூடியைக் கழற்றும் அந்த முதல் காட்சி, முகமூடியோடுதான். அங்கே மார்கரெட் பயப்படுவதற்கு ஒரு பொருள் வேண்டும், கையில் பிடிக்கக்கூடிய பொருள், அதை முகபாவத்தால் செய்ய முடியாது என்று வாத்தியார் ஐயா எழுதியதைப் படித்த பிறகு நானே ஒத்துக்கொண்டேன். அப்புறம் ஜேமி காட்சி, எந்த ஜோடனையும் இல்லாமல். 'டேஸ் வித்தவுட் எண்ட்' வேண்டாம் என்று ஒருமனதாக விட்டுவிட்டோம். 'ஸ்ட்ரேஞ்ச் இன்டர்லூட்'டில் ஒரே ஒரு பக்கம் மட்டும் முயன்று பார்க்கலாம் என்று ஆசை, நீனாவும் மூன்று ஆண்களும் ஒரே அறையில் உட்கார்ந்து ஆளுக்கொரு நினைப்பில் இருக்கும் இடம். நினைப்பைச் சொல்கிறார்கள் என்று எப்படித் தெரியவைப்பது? குரலை மாற்றினால் மாயாஜாலம் போல ஆகிவிடுகிறது, முகத்தைத் திருப்பிக்கொண்டு சொன்னால் பழைய நாடகத்து வில்லன் போல ஆகிவிடுகிறது.

பாகாயம் அக்கா, ஜேமிக்கு ஆள் கிடைத்திருக்கிறார், ஆனால் அவர் குடிகாரனை நடிக்கும்போது எல்லோரும் சிரித்துவிடுகிறோம். அதற்கு ஏதாவது வழி இருந்தால் சொல்லுங்கள்.

குடியாத்தம் வாத்தியார்:

குரலை மாற்றாதீர்கள், திரும்பவும் வேண்டாம். 1928-ல் முதல் தயாரிப்பில் இயக்குநர் ஃபிலிப் மோலர் செய்தது மிகவும் எளிது. ஒருவர் நினைப்பைப் பேசும்போது மற்றவர்கள் அத்தனை பேரும் இருந்த இடத்தில் அப்படியே உறைந்துவிடுவார்கள், பேசி முடித்ததும் அசைவு தொடரும். இரண்டு நிமிடத்தில் பார்ப்பவர்களுக்குப் பழகிவிடும். கஷ்டம் பேசுகிறவருக்கு இல்லை, டம்ளரைப் பாதி தூக்கியபடி நிற்கிறாரே, அவருக்கு. காலி டம்ளராகக் கொடுங்கள்.

பாகாயம் பஸ்:

குடிகாரன் தள்ளாடுவதை நடிக்காமல் விடச் சொல்லுங்கள். நிறையக் குடித்துப் பழகியவர்கள் தள்ளாடக் கூடாது என்றுதான் பாடுபடுவார்கள். ஒவ்வொரு அடியையும் யோசித்து வைப்பார்கள், வார்த்தையைத் தேடித் தெளிவாக உச்சரிப்பார்கள், ரொம்ப மரியாதையாகப் பேசுவார்கள். நிதானமாக இருப்பதாகக் காட்டிக்கொள்ளும் ஒருவன், உள்ளே நிதானமில்லாத ஒருவன், அங்கேயே உங்களுக்கு இரண்டு பேர் வந்துவிட்டார்கள். அந்த வரி வரும்போது மட்டும், குணமாகக் கூடாது என்று ஆசைப்படுகிறேன் என்கிற வரி, அவர் முழுத் தெளிவோடு தம்பியின் கண்ணைப் பார்த்துச் சொல்ல வேண்டும். சொல்லிவிட்டுப் பழையபடி போதைக்குப் போய்விடட்டும்.

தம்பியாக நடிப்பவர் அந்த நேரத்தில் எதுவும் செய்ய வேண்டாம். இருமவும் வேண்டாம்.

முகவீணை:

பொங்கலுக்கு முன்னால் என்றால் எனக்கு ஆட்டம் கிடையாது, பங்குனி பிறந்துவிட்டால்தான் என்னைப் பிடிக்க முடியாது. மிருதங்கம் வாசிக்கிற பையனையும் கூட்டி வருகிறேன், ஜோன்ஸ் ஓடுகிற ஒரு காட்சி மட்டும் சேர்த்துக்கொள்ளுங்கள், பேச்சே தேவைப்படாது. பஸ் காசு மட்டும் கொடுத்துவிடுங்கள், செய்யாற்றிலிருந்து ஆரணி வந்து மாறி வர வேண்டும். பக்கத்து வீட்டுக்காரர்களிடம் முன்கூட்டியே சொல்லி வையுங்கள், 72-ல் தொடங்கும்போது ஒன்றும் சொல்லமாட்டார்கள், 140-க்குப் போனால் கீழே வந்து கதவைத் தட்டுவார்கள்.